‘மனநிலை என்று ஒன்று கிடையாது’ – அப்படியா சாமி?

மைக்கறை | இரவு 10:42

பக்கத்து விவாத இழையில் தினப்பக்கம் சார் ஒரு தீர்ப்பு வழங்கிவிட்டுப் போயிருக்கிறார். யாரோ ஒரு பிள்ளை, "ரொம்ப நாளா ஒரு வரி வரல, எழுதுற ஆசையே விட்டுப்போச்சு, என்ன பண்றது?" என்று கேட்டிருந்தது. சாரின் பதில் அப்படியே இதோ:

"மனநிலை என்று ஒன்று கிடையாது. அது சோம்பேறிகளின் சாக்கு. ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே தினமும் காலை 5:30க்குத் தானாக எழுந்து மேசையில் உட்கார்ந்தார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதினார். 47 நாவல்கள். உனக்கு என்ன கேடு?"

அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. நல்லா ஊக்கப்படுத்தினீங்க சார்.

ஒரே ஒரு திருத்தம். "தானாக எழுந்து" என்பது சுத்தப் பொய். அவரை எழுப்பவே ஓர் ஆள் இருந்தார். அவருடைய குதிரைகளைப் பார்த்துக்கொண்ட வயதான வேலைக்காரர். எழுப்புகிற வேலைக்கென்று வருஷத்துக்கு 5 பவுண்டு தனிச் சம்பளம். காபியும் அவரே கொண்டுவந்து தரவேண்டும். இதெல்லாம் ட்ரோலப்பே சுயசரிதையில் எழுதியது. ஆக அவர் எழவில்லை. எழுப்பப்பட்டார்.

தினப்பக்கம் | இரவு 11:05

இதற்காகத் தனி இழையா! நல்லது.

எழுப்பியவர் எழுதவில்லை, எழுதியவர் ட்ரோலப். காபியைக் குடித்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம். படுக்கவில்லை. முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார், அதன் பிறகு கடிகாரம் ஓடும். அன்றைய மூன்று மணி நேரம் முடியுமுன்பே கையிலிருந்த நாவல் முடிந்துவிட்டால், மிச்ச நேரத்தில் புதுத் தாளை எடுத்து அடுத்த நாவலைத் தொடங்குவார். இதையும் அந்த வேலைக்காரர்தான் செய்தாரா?

வடிகட்டி | இரவு 11:09

நான் ஒரு ஓரமா உட்கார்ந்துக்கிறேன். நீங்க நடத்துங்க.

மைக்கறை | இரவு 11:31

பேச்சை மாற்றாதீர்கள் சார். நான் கேட்டது ஒன்றுதான். எழுந்தாரா, எழுப்பப்பட்டாரா?

அந்த ஆள் ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை என்கிறார் ட்ரோலப். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேனோ என்றுகூட எழுதுகிறார். எழுதியவரே ஒப்புக்கொண்டதை நீங்கள் ஏன் ஒளிக்கிறீர்கள்? அந்தப் பத்தியில் பாவம் அந்த ஆளுக்குப் பெயர்கூட இல்லை. 5 பவுண்டு கொடுத்தவர் பெயரைக் கொடுக்கவில்லை.

ஒழுக்கம், கட்டுப்பாடு, விடாமுயற்சி என்று நீங்கள் முழங்குகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஓர் ஆள் காபித் தட்டோடு நிற்கிறார். அவரைப் படத்திலிருந்து வெட்டிவிட்டு எங்களைப் பார்த்து "உனக்கு என்ன கேடு" என்கிறீர்கள். எனக்கு ஒரு கேடும் இல்லை. எழுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பழைய பேனா | இரவு 11:50

நண்பர்களே, இந்தக் கணக்கு வழக்கே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கால் மணிக்கு இத்தனை சொல் என்று அளந்து கொட்ட இலக்கியம் என்ன மணலா, ஜல்லியா? நம் சிறுகதையாசிரியர் மௌனி வாழ்நாளில் எழுதியது 24 கதைகள். இன்றுவரை பேசுகிறோம். ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா 1912 செப்டம்பரில் ஒரே இரவில், பத்து மணிக்கு உட்கார்ந்து காலை ஆறு மணிக்குள் ஒரு முழுக் கதையை எழுதி எழுந்தார். வரும்போது அப்படித்தான் வரும். வராதபோது வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மரியாதை.

தினப்பக்கம் | நள்ளிரவு 12:14

பழைய பேனா ஐயா, அதே காஃப்காவின் மூன்று நாவல்களும் முடிவுறாமல் கிடந்தன. ‘வரும்போது வரும்’ என்று விட்டால் இதுதான் கதி. மௌனியைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? 24 கதை எழுதிய ஒரு மௌனிக்கு இரண்டரைக் கதையோடு நின்றுபோன ஆயிரம் பேர் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

மைக்கறைக்கு: ஊகம் வேண்டாம், ஆய்வு இருக்கிறது. 1983இல் ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர், எழுத்து ஓடாமல் தவித்த 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு, தவிர்க்க முடியாததைத் தவிர எதுவும் எழுதக் கூடாது. இரண்டாவது, மனம் வந்தால் எழுதலாம். மூன்றாவது குழு எழுதியே ஆகவேண்டும். தவறினால் தனக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்குக் காசோலை போய்விடும். மனம் வந்தால் எழுதியவர்கள் நாளுக்கு 0.9 பக்கம். கட்டாயக் குழு 3.2 பக்கம். புது யோசனைகளும் கட்டாயக் குழுவுக்கே அதிகம் வந்தன. மனநிலைக்காகக் காத்திருந்தவர்களுக்கு மனநிலையும் வரவில்லை, பக்கமும் வரவில்லை.

பழைய பேனா | நள்ளிரவு 12:20

இரண்டரைக் கதை என்று யாரைச் சொன்னீர்கள்?

மைக்கறை | காலை 5:34

குழுவுக்கு ஒன்பது பேர். ஒன்பது! அதுவும் ஆய்வுக்கட்டுரை எழுதுகிற பேராசிரியர்கள். அதைக் கொண்டுவந்து கதை எழுதுகிறவள் தலையில் கட்டுகிறீர்கள்.

சரி, அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அந்த மூன்றாவது குழு தானாக எழுதியதா? ஒருவர் கெடு வைத்து, காசோலையைப் பிடித்துவைத்து, மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யார்? காபி கொண்டுவந்த அதே ஆள். கையில் காபிக்குப் பதில் காசோலை. நான் சொல்வதைத்தான் நீங்கள் புள்ளிவிவரத்தோடு சொல்லியிருக்கிறீர்கள். மிக்க நன்றி.

இன்னொன்றும் கேளுங்கள். 1973இல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைவதில் தாங்களாகவே ஆசையாக இருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம், "வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பிற்பாடு சும்மா விட்டபோது அந்தக் குழந்தைகள் வரைவது குறைந்துபோயிருந்தது. பரிசு பற்றிப் பேச்சே எடுக்காத குழந்தைகளிடம் அப்படி ஆகவில்லை. ஆசையை அளக்கத் தொடங்கினால் ஆசை போய்விடுகிறது.

வடிகட்டி | காலை 7:02

அக்கா, காலை 5:34க்குப் பதிவு போட்டிருக்கீங்களே. யார் எழுப்பினா?

மைக்கறை | காலை 7:10

தூங்கவே இல்லை தம்பி. அது வேற கணக்கு.

தினப்பக்கம் | காலை 7:45

தூங்காமல் எழுதியது நாவலா, இந்தப் பதிவா?

குழந்தைகளிடம் செய்த அந்த ஆய்வு, ஏற்கெனவே ஆசை இருப்பவர்களைப் பற்றியது. கேள்வி கேட்ட பிள்ளைக்கோ ஆசையே போய்விட்டது. இல்லாததை எப்படிக் கெடுக்க முடியும்? முதலில் உட்காரட்டும். ஆசை பின்னால் வரும்.

மைக்கறை | காலை 8:20

உட்காரத் தெரியாமல் யாரும் இங்கே இல்லை சார். என் போனில் ஒரு கோப்பு இருக்கிறது. பெயர் ‘நாவல்_புதுசு_2’. கடைசி வரி இது: "சாவியைத் தேடிக்கொண்டிருந்த பரமேஸ்வரி சட்டென்று". அவ்வளவுதான். சட்டென்று என்ன செய்தாள் என்று எனக்கே தெரியவில்லை. திறந்தால் அந்த ‘சட்டென்று’க்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருக்கிறேன். முழு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். முன்பத்தியில் இருந்த ஒரு கமாவை எடுத்தேன், திரும்ப வைத்தேன். இதற்குக் கால் மணிக்கு எத்தனை சொல் போடுவீர்கள்?

தினப்பக்கம் | காலை 8:31

பரமேஸ்வரிக்குச் சாவி கிடைத்தது என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். மோசமாக இருந்தால் பிறகு வெட்டலாம். வெள்ளைத்தாளைத் திருத்த முடியாது.

வடிகட்டி | காலை 8:33

சட்டென்று தும்மினாள்.

பழைய பேனா | காலை 8:40

சட்டென்று அழத் தொடங்கினாள் என்பதே இயல்பு. ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டரைக் கதை என்று யாரைச் சொன்னீர்கள்?

புதுவரவு | காலை 9:15

வணக்கம். இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொன்ன ஒரு உத்தி உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த இடத்திலேயே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும். மறுநாள் மாட்டிக்கொள்ள மாட்டோம். மைக்கறை அக்கா நிறுத்தியது தெரியாத இடம். அதனால் கோப்பைத் திறக்கவே பயம் வந்திருக்கலாம். கொஞ்சம் பின்னால் போய், தெரிந்த இடத்திலிருந்து மறுபடி தட்டச்சு செய்து வந்தால் எனக்குப் பல தடவை...

மைக்கறை | காலை 9:22

தம்பி, நல்ல மனசோட சொல்றீங்க, சரி. ஆனால் பேச்சு என் நாவலைப் பற்றி இல்லை. சார் அந்தப் பிள்ளையிடம் பொய் சொன்னாரா இல்லையா என்பதுதான் பேச்சு. "தானாக எழுந்து." இந்த இரண்டு சொல்லையும் அவர் திரும்பப் பெறட்டும். நான் இந்த நிமிஷமே போய் பரமேஸ்வரியைப் பார்க்கிறேன்.

தினப்பக்கம் | காலை 9:58

திரும்பப் பெற ஒன்றுமில்லை. ட்ரோலப்பின் தாயார் ஃபிரான்சஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1832இல் முதல் புத்தகம் வந்தபோது ஐம்பதைத் தாண்டியவர். கணவர் கடனாளி. நோயில் கிடந்த பிள்ளைகளையும் கணவரையும் பார்த்துக்கொண்டே எழுதினார். மருந்துக் குப்பியும் மைக்கூடும் அறையில் சரிசமமாக இருந்தன என்று மகன் எழுதுகிறார். காலை நான்கு மணிக்கே மேசையில் இருப்பார். அவரை எந்த வேலைக்காரர் எழுப்பினார்? சொல்லுங்கள்.

மைக்கறை | காலை 10:30

அப்படி வாங்க வழிக்கு! அந்த அம்மாளை எழுப்பியது கடன். எழுதாவிட்டால் குடும்பத்துக்குச் சோறு இல்லை. அதை ஒழுக்கம் என்று பெயர் மாற்றிச் சட்டம் போட்டு மாட்டுகிறீர்கள். மகனுக்குக் காபிக்காரர், அம்மாவுக்குக் கடன்காரர். "தானாக" எங்கே சார் இருக்கிறது?

இதையும் எழுதிவையுங்கள்: ஒருநாள் விட்டால் எல்லாம் போச்சு என்று நீங்கள் அடிக்கடி பயமுறுத்துவீர்களே, அதுவும் தவறு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரிடம் பழக்கம் எப்படிப் படிகிறது என்று பார்த்தார்கள். 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆளுக்கு ஆள் மாறியது. நடுவில் ஒருநாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்றுதான் வந்தது.

தினப்பக்கம் | காலை 10:52

அந்த ஆய்வு சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி போன்ற பழக்கங்களைப் பற்றியது. எழுத்தைப் பற்றியது அல்ல. என் ஆய்வு பேராசிரியர்களைப் பற்றியது என்று தள்ளினீர்கள். உங்களுடையது தண்ணீர் குடிப்பவர்களைப் பற்றியதா?

தவிர, ஒருநாள் தவறினால் பரவாயில்லை என்று நீங்கள் வாதாடுவதன் காரணம் எனக்குத் தெரியாதா? போன சிறுகதைத் தொகுப்புக்குக் கெடு முடிந்த மறுநாள் கதை அனுப்பினீர்கள். சேர்க்கவில்லை. அன்றிலிருந்து இந்தக் காய்ச்சல்.

வடிகட்டி | காலை 10:54

ஆகா, இப்பத்தான் மெயின் படம்.

மைக்கறை | காலை 11:03

கெடு முடிந்த மறுநாளா? கெடுவை ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருந்தது யார்? உங்களுக்கு வேண்டியவர் கதை மட்டும் அதற்கும் பிறகு வந்து உள்ளே போனது எப்படி?

பழைய பேனா | காலை 11:10

என் கதையும் அந்தத் தொகுப்பில் இருந்தது என்பதால் சொல்கிறேன், நான் உரிய நேரத்தில்தான் அனுப்பினேன். அந்த இரண்டரைக் கதை விஷயத்துக்குத் தெளிவு கிடைக்காமல் இனி இங்கே எழுதப்போவதில்லை.

தினப்பக்கம் | காலை 11:25

கெடு மாற்றம் எல்லோருக்கும் மின்னஞ்சலில் போனது.

பழைய பேனா | காலை 11:31

எனக்கு வரவில்லை.

மைக்கறை | காலை 11:33

பார்த்தீர்களா! அந்த மின்னஞ்சலைக் காட்டுங்கள் சார்.

தினப்பக்கம் | காலை 11:47

காட்டுகிறேன். பழைய கணினியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைவரை பொறுங்கள்.

மைக்கறை | காலை 11:48

ஞாயிறு எத்தனை மணிக்கு?