முதலாண்டுப் பிள்ளைகளிடம் குடியும் கஞ்சாவும்: ஒருநாள் சொற்பொழிவை விட்டு வேறென்ன செய்யலாம்?

கேள்வி: நெட்டிலிங்கம்

வணக்கம். கெடாவில் பீடோங் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, புதிய பிள்ளைகள் 280 பேர். பலரும் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். விடுதியில் இடம் போதாததால் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளை வாடகைக்கு எடுத்து ஆறேழு பேராகத் தங்குகிறார்கள். வழக்கமாகப் பதிவு வாரத்தில் ஒரு போலீஸ் அதிகாரியின் பேச்சு, கண்ணாடிப் பெட்டியில் போதைப்பொருள் மாதிரிகள், திருந்திய ஒருவரின் அனுபவ உரை, கடைசியில் உறுதிமொழி. இந்த முறை இதையெல்லாம் மாற்ற நிர்வாகம் சம்மதித்துவிட்டது. ஆலோசகர்கள் இரண்டு பேர், கையில் 1,500 ரிங்கிட். திடீர்ச் சிறுநீர்ச் சோதனைக்குப் பட்டைகள் வாங்கலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. காசை எதில் போட்டால் பலன் இருக்கும்? குடிக்கும் கஞ்சாவுக்கும் ஒரே வழிமுறை போதுமா?

பதில் 1: அளவுகோல்

முதலில், மாற்றுவது சரியான முடிவு. ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட தடுப்புத் தரநிலைகளில் (2018, இரண்டாம் பதிப்பு) பலன் தராதவை, கெடுதலாகக்கூட முடியக்கூடியவை என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒருவழிச் சொற்பொழிவு, பயமுறுத்தல், முன்னாள் அடிமையின் சாட்சியம், போலீஸார் நடத்தும் வகுப்பு எல்லாம் அதில் வருகின்றன. பள்ளிகளை மனதில் வைத்து எழுதியதுதான். ஆனால் பதினெட்டு வயதில் மனம் ஒரேயடியாக மாறிவிடாது.

மதுவுக்கு நான் சொல்வது ஆடிட்-சி என்ற மூன்று கேள்வித் தாள். எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறாய், குடிக்கும் நாளில் எத்தனை அளவு, ஆறோ அதற்கு மேலோ போவது எத்தனை முறை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தால் அழைத்துப் பேச வேண்டும். “மாசத்துக்கு மூணே தடவைதான்” என்கிற பையனை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த மூன்று தடவையும் ஏழெட்டு அளவு போட்டால் அவன் கணக்கு 2 + 3 + 2, மொத்தம் 7. தினமும் குடிப்பவனை மட்டும் தேடினால் கல்லூரியின் உண்மையான பிரச்சினை கைநழுவிப் போகும்.

‘ஒரு அளவு’ என்றால் என்ன என்பதில்தான் தாள் பொய்யாகிறது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் ஒரு அளவு என்பது 10 கிராம் சுத்த ஆல்கஹால். 5 விழுக்காட்டு பீர் 320 மில்லி டின்னில் சுமார் 12.6 கிராம் இருக்கும். 40 விழுக்காட்டுச் சரக்கில் 30 மில்லியே கிட்டத்தட்ட ஒரு அளவு. சமையலறை அளவுக் குவளை ஒன்றும் பிளாஸ்டிக் கப்புகளும் வாங்குங்கள், இருபது ரிங்கிட் ஆகாது. “நீ வழக்கமாக ஊற்றும் ஒரு பெக்கை ஊற்று” என்று பச்சைத் தண்ணீரைக் கொடுங்கள். ஊற்றியதை அளவுக் குவளையில் மாற்றி அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். 70 மில்லி ஊற்றினால் அது ஒரு பெக் இல்லை, 22 கிராம், இரண்டு அளவுக்கும் மேல். இதைச் செய்த பிறகு தாளைக் கொடுத்தால் பதில் நேர்மையாக வரும்.

வரம்பைத் தாண்டியவர்களுக்குத் தனியறையில் இருபது நிமிடம். ஐம்பது பேர் வந்தாலும் பதினேழு மணி நேரம்தான், இரண்டு பேர் பிரித்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முடியும். அறிவுரையில் ஆரம்பிக்காதீர்கள். “குடிக்கிறதுல உனக்குப் பிடிச்சது என்ன?” என்று கேட்டுவிட்டு, “பிடிக்காதது?” என்று கேளுங்கள். அடுத்து அவனுடைய மதிப்பெண்ணைக் காட்டுங்கள். “குறைக்கிறது உனக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?” என்று கேட்டு, அவன் மூன்று என்றால், “ஏன் ஒண்ணு இல்லாம மூணு?” என்று கேளுங்கள். காரணத்தை அவன் வாயாலேயே சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் எதிர்த்துத்தான் பேசுவான். போகும்போது இரண்டு மூன்று வழிகளில் ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும்: வீட்டில் பாட்டில் வைக்காமல் இருப்பது, சாப்பிட்ட பிறகே தொடங்குவது, இரண்டு அளவோடு நிறுத்துவது. ஒரு மாதம் கழித்து மறுபடி பத்து நிமிடம்.

பத்துக் கேள்விகள் கொண்ட முழு ஆடிட் தாளில் 20 அல்லது அதற்கு மேல் வந்தால் இந்தப் பேச்சு போதாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தினமும் அதிகம் குடிப்பவனைச் சட்டென்று நிறுத்தச் சொல்லவே கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாளையொட்டிச் சித்தப்பிரமை வரலாம். சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பீடோங் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்குச் சீட்டு எடுத்து, கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம்.

பதில் 2: மருந்துக்கலயம்

மேலே சொன்னது மதுவுக்கு முழுக்கச் சரி. கஞ்சாவுக்கு ஒரு இடத்தில் மாற்ற வேண்டும்: பெயர் எழுதிய தாளில் கஞ்சாவைப் பற்றிக் கேட்காதீர்கள். 1952 அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 15ஆம் பிரிவின்படி பயன்படுத்துவதே குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அதன்மேல் இரண்டு முதல் மூன்று ஆண்டு கண்காணிப்பு. பையன் எழுதிக் கொடுத்த ஒப்புதல் கல்லூரி அலமாரியில் கிடக்கலாமா? அசிஸ்ட் என்ற, போதைப்பொருள் பழக்கத்தை அளக்கும் உலகச் சுகாதார நிறுவனக் கேள்விகளை அறைக்குள் வாய்மொழியாகக் கேளுங்கள். கஞ்சாவுக்கு 0–3 குறைந்த ஆபத்து, 4–26 நடுத்தரம், 27ம் அதற்கு மேலும் அதிகம். எண்ணை மட்டும், மாணவர் குறியீட்டுடன் குறித்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர்ப் பட்டையில் காசு போடாதீர்கள். பட்டை காட்டுவது கஞ்சாவின் கழிவுப் பொருளை. ஒரே ஒரு முறை பிடித்தவனுக்குச் சுமார் மூன்று நாள் காட்டும், தினமும் பிடித்தவனுக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆகியும் காட்டலாம். திருந்த முயல்கிறவன் மாட்டுவான், நேற்று செயற்கைக் கஞ்சா கலந்த வேப் இழுத்தவன் தப்பிவிடுவான், ஏனென்றால் சாதாரணப் பட்டை செயற்கை வகையைப் பிடிக்காது. சோதனைக்குப் பயந்து பிள்ளைகள் போவதும் பட்டையில் தெரியாத அந்த ஆபத்தான சரக்குக்குத்தான். அது பெரிய கொடுமை.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் உண்டு. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை பக்கம். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்ததும், 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் என்று மறுபடி இறுக்கியதும் பிள்ளைகளுக்குப் பாதியாகத்தான் தெரியும். ‘அங்கே சட்டப்படிதானே’ என்று ஹட்யாயிலிருந்து மிட்டாயும் பிஸ்கட்டும் பையில் வருகின்றன. இங்கே 50 கிராம் கஞ்சா வைத்திருந்தாலே குறைந்தது ஐந்து ஆண்டு சிறையும் பத்துப் பிரம்படியும். 200 கிராமைத் தொட்டால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். கட்டாய மரண தண்டனை 2023இல் நீங்கியது, ஆனால் நீதிபதி விதிக்கலாம் என்பது நீங்கவில்லை. இதை ஒரு பக்கத் தாளில் கொடுங்கள், மேடையில் முழங்க வேண்டாம்.

அந்த மிட்டாயில் இன்னொரு பொறி. புகை சில நிமிடங்களில் ஏறும். தின்றது ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ‘ஒண்ணும் ஏறலையே’ என்று இன்னொன்று தின்கிறார்கள், இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சுப் படபடப்பும் பீதியுமாக நடுராத்திரியில் தவிக்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் கஞ்சா அந்தப் பிள்ளைக்கு மற்றவர்களைவிட ஆபத்து. ஆலோசகர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அது.

விடுகிறவனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை தொடங்கும், முதல் வாரத்தில் உச்சம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். சொல்லாவிட்டால் நான்காம் நாள் ‘இது இல்லாம தூக்கமே வராது’ என்று திரும்பிப் போவான். போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கான 1983 சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் ஒழிப்பு முகமை) மாவட்ட அலுவலகத்தில் தானாகவே சிகிச்சைக்கு விண்ணப்பிக்கலாம்.

நெட்டிலிங்கம்

இருவருக்கும் நன்றி. பட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வாடகை வீட்டில் ஒருவன் மயங்கிக் கிடந்தாலும் போலீஸ் வரும், கல்லூரி நீக்கும் என்று பயந்து கூட இருப்பவர்கள் அழைப்பதில்லை. இதற்கு என்ன செய்வது?

பதில் 3: இரவுப்பணி

அக்கா, இதற்குக் கல்லூரி ஒரு விதி போட வேண்டும்: உதவிக்கு அழைத்தவர்மீதும், யாருக்காக அழைத்தார்களோ அவர்மீதும் கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை இருக்காது, ஆலோசகரைப் பார்த்தால் போதும். போலீஸ் சார்பாகக் கல்லூரி வாக்குக் கொடுக்க முடியாது, அதையும் மறைக்காமல் அதே தாளில் எழுதுங்கள். பாதி உண்மை சொன்னால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

மீதிப் பணத்தில் வீட்டுக்கு ஒன்றாகச் சுவரில் ஒட்டும் அட்டை அடியுங்கள், தமிழிலும் மலாயிலும். அதில் இருக்க வேண்டியவை: தட்டியும் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லென்று. இதில் ஒன்று இருந்தாலும் 999. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை முட்டியில் மடக்கி முன்னால் ஊன்றி, தலையைச் சற்று பின்னால் சாய்த்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி விடுங்கள். தனியே விட்டுப் போகாதீர்கள். காப்பி, குளியல், விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது எதுவும் உதவாது. ஈரல் மணிக்கு ஏறக்குறைய ஒரு அளவைத்தான் கரைக்கும், அதை அவசரப்படுத்த வழியில்லை. தூங்கினால் சரியாகிவிடும் என்பது மிகப் பெரிய தவறு, வயிற்றில் இருப்பது தூக்கத்திலும் இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும்.

மலிவுச் சரக்கைத் தனியாக எழுதுங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தார்கள். மெத்தனாலை வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. போதை தெளிந்து, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்து, கண் மங்குதல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வரும். ‘நேத்து குடிச்சது, இன்னிக்கு என்ன’ என்று விட்டால் பார்வையோ உயிரோ போகும். பாட்டிலைத் தூக்கி எறியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கூடக் குடித்த எல்லாரும் போக வேண்டும், நன்றாக இருக்கிறவனும்தான்.

பதில் 4: லயத்துப்பிள்ளை

பிள்ளைகளை மட்டும் பார்த்தால் போதாது, கடையையும் பாருங்கள். கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் 1941 வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடையை மூடச் சொல்லியும் கேட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் மலிவாகக் கிடைப்பதே பாதிக் காரணம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் கீழ் மது விற்கக் கூடாது, உங்கள் முதலாண்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் அதற்குள் அடக்கம். கல்லூரி வாசலிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள கடைகளைப் பட்டியலிட்டு, அடையாள அட்டை கேட்கச் சொல்லிக் கல்லூரித் தலைவர் கையெழுத்தில் கடிதம் கொடுங்கள். கேட்காத கடையை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

கெடாவில் விடுமுறை வெள்ளியும் சனியும், ஆகவே குடி வியாழன் ராத்திரி தொடங்கும். அது சனி ராத்திரிவரை நீளாமல் இருக்க, ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருகைப் பதிவுள்ள வகுப்பு வையுங்கள். வியாழன் இரவு ஒன்பதுக்கு மேல் பூப்பந்து அரங்கைத் திறந்து விடுங்கள், சும்மா கிடக்கும் நேரம்தான் பாட்டிலுக்கு இடம் கொடுக்கிறது. மோட்டாரில் திரும்புகிறவர்களுக்கு ஒன்று: 2020 அக்டோபர் முதல் வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம். மெலிந்த பிள்ளை இரண்டு மூன்று டின்னிலேயே அதைத் தாண்டிவிடும். முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, உரிமமும் குறைந்தது இரண்டு ஆண்டு முடங்கும்.

வீட்டுச் சொந்தக்காரர்களையும் பதிவு வாரத்திலேயே ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். அட்டையை ஒட்டச் சம்மதிக்க வேண்டியது அவர்கள்தான். குடிப்பவனை ராத்திரியோடு ராத்திரியாக வெளியே தள்ள வேண்டாம், முதலில் ஆலோசகர் எண்ணுக்கு அழையுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த எண் வியாழன் ராத்திரியும் எடுக்கப்பட வேண்டும். அலுவலக நேரத்து எண் என்றால் அட்டை அடிக்கிற காசு வீண். ஆலோசகர்கள் இருவரால் முடியாத ராத்திரிகளுக்கு, மனநல உதவிக்கு ஹீல் 15555ஐயும் அதே அட்டையில் போடுங்கள்.