நீலத் திமிங்கலம் நீரை விட்டு இரையை மட்டும் விழுங்குவது எப்படி?

கேள்வி: அலைநேயன்

நீலத் திமிங்கலத்துக்குப் பல் இல்லை என்றும், மேல்தாடையிலிருந்து தொங்கும் பலீன் தகடுகளைக் கொண்டு, விரல் நீளம்கூட இல்லாத, இறால் போன்ற கிரில் என்னும் சிற்றுயிரை அது வடிகட்டித் தின்கிறது என்றும் படித்திருக்கிறேன். வலையை விரித்துக்கொண்டு போவதைப் போல, நாள் முழுவதும் வாயைத் திறந்தபடியே நீந்தும் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். ஆனால் அண்மையில் பார்த்த காணொளியில், அது ஒரே பாய்ச்சலில் வாயைத் திறந்து, தொண்டை பலூனாக உப்பியதும் மூடிக்கொண்டது. இவற்றில் எது சரி? அவ்வளவு நீர் உள்ளே பாயும்போது அதற்குப் புரையேறாதா?

மறுமொழி: ஆழிவாசகன்

தாங்கள் காணொளியில் கண்டதே நீலத் திமிங்கலத்தின் முறை. நீலம், ஃபின், கூன்முதுகு ஆகிய திமிங்கலங்களுக்குத் தாடையில் தொடங்கித் தொப்புள் வரை நீளவாட்டில் தோல் மடிப்புகள் ஓடுகின்றன. கிரில் கூட்டத்தை நெருங்கியதும் வேகம் கூட்டிப் பாய்ந்து வாயைத் திறந்தால், எதிரே வரும் நீரின் அழுத்தத்தில் அம்மடிப்புகள் விரிகின்றன. நாக்கும் தளர்ந்து பின்னோக்கி மடிந்து இடம் விடுகிறது. வளர்ந்த ஃபின் திமிங்கலம் இப்படிச் சில நொடிகளில் சுமார் 70 கன மீட்டர் நீரை, அதாவது 70,000 லிட்டரை, அள்ளிவிடும். பிறகு வாயை மூடித் தொண்டைத் தசைகளை இறுக்கி, பலீன் தகடுகளின் இடுக்கு வழியாக அந்நீரை வெளியே தள்ளுகிறது. அள்ளுவதைவிட வடிப்பதற்கே அதிக நேரம் பிடிக்கிறது. நீர் போனபின் தங்கிய இரையை மட்டும் விழுங்குகிறது.

புரையேறுவது பற்றிய தங்கள் ஐயம் நியாயமானதே. ஃபின் திமிங்கலத்தின் வாயின் பின்புறத்தில் தசையும் கொழுப்புமாய் ஓர் அடைப்பு இருப்பதை 2022இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். பாயும்போது அது தொண்டைக்குச் செல்லும் வழியை அடைத்துக்கொள்கிறது. விழுங்கும்போது மேலே நகர்ந்து மூக்குப் பாதையை மூட, குரல்வளை தன் பங்குக்கு நுரையீரலுக்குச் செல்லும் வழியை மூடிவிடுகிறது. நம் உள்நாக்கின் பெரிய உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி: நெய்தல்

கேள்வி கேட்டவர் எண்ணியிருந்த முறையும் பொய்யன்று. அது ரைட் திமிங்கலத்துக்கும் ஆர்க்டிக் கடலின் போஹெட் திமிங்கலத்துக்கும் உரியது. அவற்றுக்குத் தொண்டை மடிப்பும் இல்லை, முதுகுத் துடுப்பும் இல்லை. மனிதர் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக, வாயைத் திறந்தபடியே நீந்தும். இடவரிசைத் தகடுகளுக்கும் வலவரிசைத் தகடுகளுக்கும் நடுவே முன்புறம் உள்ள இடைவெளியில் நுழையும் நீர் பக்கவாட்டில் வடிந்துகொண்டே இருக்கும். போஹெட்டின் தகடு 4 மீட்டர் வரை நீளும்.

பலீன் தகடுகளைச் "சல்லடை" என்று சொல்வதில் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு தகட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெளி விளிம்பு நகத்தைப் போல வழவழப்பாக இருந்தது (நகத்தில் உள்ள அதே கெரட்டின்தான்). உள் விளிம்போ தேங்காய் நாராகப் பிரிந்து கிடந்தது. தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் பக்கத்துத் தகடுகளின் நார்கள் ஒன்றோடொன்று பின்னி ஒரு பாய்போல் ஆகிவிடுகின்றன. ஆகவே ஒரே அளவுள்ள துளைகள் எதுவும் அங்கே இல்லை.

சாம்பல் திமிங்கலம் இவ்விரு முறையிலும் சேராது. அது பக்கவாட்டில் சாய்ந்து, கடலடிச் சேற்றை உறிஞ்சி, அதில் வாழும் சிற்றுயிர்களை எடுத்துக்கொண்டு சேற்றைக் கக்கிவிடும்.

மறுமொழி: ஆழிவாசகன்

நெய்தல் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பாய்ச்சல் செலவு மிகுந்த வேலை. வாயைத் திறந்த கணத்தில் நீரின் எதிர்ப்பால் வேகம் சட்டென்று குறைந்துவிடுவதால், அடுத்த பாய்ச்சலுக்கு அவ்வளவு பெரிய உடலை மறுபடி முதலிலிருந்து முடுக்க வேண்டும். ஆகையால் கடலில் கிரில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, ஓரிடத்தில் எவ்வளவு நெருக்கமாகத் திரண்டிருக்கிறது என்பதே முக்கியம். நெருக்கம் வாய்த்தால் வேட்டை அபாரமானது: நீலத் திமிங்கலம் ஒரே நாளில் 16 டன் வரை தின்னக்கூடும் என 2021இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. ஆனால் அந்தத் திரட்சி ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. பல இனங்கள் குளிர்ந்த கடல்களில் கோடையில் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குட்டி ஈனுவதற்கு வெதுவெதுப்பான கடல்களுக்குச் செல்கின்றன; அங்கே தாய் பெரும்பாலும் பட்டினி கிடந்தபடியே, சேர்த்த கொழுப்பைப் பாலாக்கிக் குட்டியை வளர்க்கிறது.

கேள்வி: அலைநேயன்

இருவருக்கும் நன்றி. அப்படியானால், கிரில் சிதறிக் கிடக்கும் இடத்தில் நீலத் திமிங்கலம் பாயாமலே போய்விடுமா?

மறுமொழி: ஆழிவாசகன்

முற்றிலும் பாயாமல் இருப்பதில்லை, குறைத்துக்கொள்ளும். உடலில் ஒட்டிய கருவிகளின் பதிவுகளில், அடர்ந்த கூட்டத்தில் ஒரே மூழ்கலில் பலமுறை பாய்ந்ததும், ஐதான கூட்டத்தில் சிலமுறை மட்டுமே பாய்ந்து மூச்சுக்காற்றைச் சேமித்ததும் தெரியவந்துள்ளன.