பேரோடிட் அறுவை சிகிச்சைக்குப் பின் சாப்பிடும்போது கன்னம் நனைகிறது: ஏழாவது நரம்பு அறுபட்டுவிட்டதா?

கேட்பவர் (பிசியோதெரபி முதலாண்டு மாணவி)
அப்பாவுக்கு ஒன்பது மாதத்துக்கு முன் வலது பேரோடிட் சுரப்பியில் (காதுக்கு முன்னால் இருக்கும் எச்சில் சுரப்பி) இருந்த கட்டியை எடுத்தார்கள். சாதாரணக் கட்டிதான் என்று பயாப்சியில் வந்தது. இப்போது இரண்டு மாதமாகச் சாப்பிட உட்கார்ந்தாலே வலது காதுக்கு முன்னால் சிவந்து ஈரமாகிறது. எலுமிச்சை ஊறுகாய் தொட்டால் சொட்டவே செய்கிறது. தையல் வழியாக எச்சில் ஒழுகுகிறது என்று நினைத்து, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டார். பேரோடிட்டுக்குள் போவது ஏழாவது மண்டை நரம்பு, அதாவது முகத் தசைகளை அசைக்கும் நரம்பு என்று படித்தேன். அது அறுபட்டிருக்குமா? டாக்டரை அடுத்த வாரம்தான் பார்க்கிறோம். அதுவரை மனசு கேட்கவில்லை.

காது மூக்கு தொண்டை வார்டு நர்ஸ்
ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லும்மா. அப்பா கண்களை இறுக்கி மூடட்டும், பல் தெரியச் சிரிக்கட்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா? அப்புறம், ஈரம் தழும்பில் ஒரே இடத்திலிருந்து கசிகிறதா, தோலில் முத்து முத்தாக அரும்புகிறதா? எச்சில் கசிவு என்றால் பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களிலேயே காயத்தின் வழியாக வந்துவிடும்.

கேட்பவர்
கண் நன்றாக மூடுகிறது அக்கா, சிரிப்பும் கோணவில்லை. தழும்பு காய்ந்துதான் இருக்கிறது. தோலில்தான் அரும்புகிறது.

உடற்கூறியல் ஆசிரியர்
அப்படியென்றால் ஏழாவது நரம்பு பத்திரமாக இருக்கிறது, பயப்படாதே. இது எச்சில் இல்லை, வியர்வை. கேட்கிற அடையாளமெல்லாம் ஃப்ரே சிண்ட்ரோமோடு பொருந்துகிறது.

ஏழாவது நரம்பு பேரோடிட்டுக்குள் நுழைந்து கிளை பிரிகிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சுரப்பிக்கு அது எதையும் கொடுப்பதில்லை. பாயின்ட் டு பாயின்ட் பஸ் ஊருக்குள் போனாலும் ஆளை இறக்காது இல்லையா, அப்படி. அது போவது முகத் தசைகளுக்கு. எச்சில் சுரக்கச் சொல்லும் பாராசிம்பதெடிக் இழைகள் (தானாக இயங்கும் நரம்பு அமைப்பின் ஒரு பிரிவு) ஒன்பதாவது நரம்பில் கிளம்புகின்றன. நடுக்காது வழியாக வந்து, லெஸ்ஸர் பெட்ரோசல் நரம்பாகி, ஓட்டிக் கேங்லியான் என்ற நரம்பு முடிச்சில் கைமாறுகின்றன. கடைசித் தூரத்துக்கு ஐந்தாவது நரம்பின் கிளையான ஆரிகுலோடெம்போரலில் ஏறிக்கொள்கின்றன. ஐந்தாவதுக்குச் சொந்தமாகப் பாராசிம்பதெடிக் கிடையாது, மற்றவர்களைச் சுமந்து போவதோடு சரி. மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: எந்த நரம்பில் பயணம் என்பது வேறு, எந்த நரம்பில் பிறப்பு என்பது வேறு.

சுரப்பியை எடுக்கும்போது அந்தக் கடைசி இழைகள் அறுபடுகின்றன. சில மாதங்களில் திரும்ப வளர்கின்றன. போய்ச் சேர வேண்டிய சுரப்பி அங்கே இல்லாததால், மேலே இருக்கும் தோலின் வியர்வைச் சுரப்பிகளையும் ரத்தக் குழாய்களையும் பற்றிக்கொள்கின்றன. வாயில் புளிப்புப் பட்டதும் "எச்சில் சுர" என்ற கட்டளை கன்னத்துக்குப் போய்விடுகிறது.

கேட்பவர்
சார், வியர்வைக்கு அந்த அமைப்பின் இன்னொரு பிரிவான சிம்பதெடிக்தானே? பாராசிம்பதெடிக் சொன்னால் அது எப்படிக் கேட்கும்?

உடற்கூறியல் ஆசிரியர்
நல்ல கேள்வி. சிம்பதெடிக் நரம்பு முனைகள் பெரும்பாலும் நாரட்ரீனலின் என்ற ரசாயனத்தை விடும். வியர்வைச் சுரப்பி விதிவிலக்கு, அங்கே வருவது அசிடைல்கொலின். பாராசிம்பதெடிக் பேசுவதும் அதே அசிடைல்கொலின்தான். மொழி ஒன்று என்பதால் யார் சொல்கிறார்கள் என்று சுரப்பிக்குத் தெரியாது.

குண்டடியில் பேரோடிட் காயப்பட்ட ஒருவரைக் கவனித்து, ஆரிகுலோடெம்போரல் நரம்பை இந்த வியர்வையோடு சேர்த்து 1923இல் எழுதியவர் லூசியா ஃப்ரே (Łucja Frey) என்ற போலந்து நரம்பியல் மருத்துவர். 1942இல் நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த ல்வூவ் நகரில் (இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ்) உயிரிழந்தார். இந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

இரண்டாமாண்டு மாணவர்
பரீட்சைக்கு: பாராசிம்பதெடிக் இருக்கும் மண்டை நரம்புகள் 10, 9, 7, 3. வரிசையாக எழுதி, பத்தின் சுழியை விட்டால் 1973.

நர்ஸ்
டாக்டரிடம் அயோடின்–ஸ்டார்ச் சோதனை பற்றிக் கேளும்மா, வியர்வை பட்ட இடம் கருநீலமாகும். தொந்தரவு குறைவென்றால் அலுமினியம் குளோரைடு பூச்சு தருவார்கள், அதிகமென்றால் போடாக்ஸ் ஊசி. நீங்களாக எதுவும் தடவ வேண்டாம், தழும்புத் தோல் எரியும்.

கேட்பவர் (பத்து நாள் கழித்து)
பார்த்துவிட்டு வந்தோம். கன்னத்தில் அயோடின் பூசி, காய்ந்ததும் மாவு தூவி, எலுமிச்சைத் துண்டைச் சப்பச் சொன்னார்கள். காதுக்கு முன்னால் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கருநீலமானது. ஃப்ரேதான். இப்போதைக்குப் பூச்சு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அப்பா கண்ணாடியில் பார்த்து, "அப்போ இது எச்சில் இல்லையா?" என்று மூன்று முறை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டு வளைகாப்புக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அக்கா, சார், ரொம்ப நன்றி.