மறு: மறு: அரைத்தானியங்கியா, தன்னேற்றியா?

வணக்கம். அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் காடுகளில் நடப்போருக்கான கரடித் தற்காப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ரிவால்வர் 'சுழல்துப்பாக்கி' ஆகிவிட்டது. செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு 'அரைத்தானியங்கி' போட்டிருக்கிறேன். சரிதானா?
— செ.

செ. அவர்களுக்கு,
'அரைத்தானியங்கி' என்றால், விசையைப் பிடித்தபடி இருந்தால் தொடர்ந்து சுடும் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். உண்மையில் ஓர் அழுத்தத்துக்கு ஒரு குண்டுதான். வெற்றுக்கூடு தெறிப்பதும் அடுத்த தோட்டா ஏறுவதும் மட்டுமே தானாக நடப்பவை. ஆகவே 'தன்னேற்றி'. பெயர் இயக்கத்தைக் காட்டுவது இங்கே முக்கியம். கரடி மேலே விழுந்தபின் குழல்வாயை அதன் உடம்பில் அழுத்தினால் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) சற்றே பின்தள்ளப்பட்டு, சுடாமல் நின்றுவிடலாம். மணிக்கட்டு தளர்ந்தால் வெற்றுக்கூடு சிக்கலாம். சுழல்துப்பாக்கிக்கு இவ்விரு தொல்லையும் இல்லை. ஆனால் தோட்டாக்கள் இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே சூடான வாயு பீறிடும். விரல் அங்கே போகக் கூடாது.
— ந.

ந. ஐயா, 'தன்னேற்றி' என்றால் தன்னையே ஏற்றுவது என்று பொருள்படும். தானே இயங்குவது தானியங்கி. தானே ஏற்றுவது 'தானேற்றி'. மேலும், துப்பு என்றால் வலிமை. துப்பாக்கி தூய தமிழ் என்பதற்குக் குறளே சான்று.
— இரா.

இரா. ஐயா, குறளில் வரும் 'துப்பாக்கி', 'உணவை உண்டாக்கி' என்னும் பொருள்தரும் வினையெச்சம். ஆயுதப் பெயரோ துருக்கிய 'துஃபெக்' வழி வந்தது. அது வேண்டாமென்றால் படைக்கலத்தைக் குறிக்கும் சங்கத்து 'எஃகம்' இருக்கிறதே, 'வேட்டெஃகம்' என்போம். தன்னாட்சி, தன்னார்வம் போலத் தன்னேற்றியும் நிற்கும்.
— மு.

வேட்டெஃகம் யாருக்குப் புரியும்? கடைக்காரர் பிஸ்டல் என்றுதான் சொல்வார். படிப்பவருக்கு வேண்டியது வேறு: .44 மேக்னம் சுழல்துப்பாக்கியில் பொதுவாக 6 தோட்டா, பின்னுதைப்பு கடுமை, 10 மி.மீ. கிளாக் 20 பிஸ்டலில் 15. எதுவானாலும் குழிமுனைக் குண்டு வேண்டாம். அது விரிந்து, தடித்த தசையிலேயே நின்றுபோகக்கூடும். கடினமாக வார்த்த ஈயக்குண்டு எலும்பு வரை ஊடுருவும். முதுகுப்பையின் இடுப்புப்பட்டை, துப்பாக்கி வைக்கும் இடுப்புறையை மறைக்கும். மார்புறையே கைக்கு எட்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2010 முதல் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி எடுத்துச்செல்லலாம்; சுடுவதற்குத் தடை நீடிக்கிறது. இதையும் சேருங்கள். கரடியை விரட்டும் 'மிளகுத் தெளிப்பான்' என்பதைத் திருத்துங்கள்: அதிலிருப்பது மிளகாயின் காப்சைசின். முதலில் கை போகவேண்டியது அதற்குத்தான்.
— த.

'மிளகாய்த் தெளிப்பான்' ஏற்கிறேன். கடினக் குண்டுக்கு 'விரியாக் குண்டு' எப்படி? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும்.
— மு.

முனை உட்பட முழுவதும் செம்பு உறையிட்ட குண்டும் விரியாதே. இரண்டும் ஒரே பெயருக்குள் போய்விடும். 'கடுவார்ப்புக் குண்டு' போதும்.
— ந.

நன்றி. தன்னேற்றிக்கு என்னையும் சேர்த்து மூவர். முதல் பக்கத்தில் 'தன்னேற்றி பிஸ்டல்', பிறகு வெறும் பிஸ்டல் என்று அனுப்புகிறேன்.
— செ.

தன்னேற்றிப் பிஸ்டல் என ஒற்று மிகாதா? என் வாக்கு இன்னும் தானேற்றிக்கே. சுடும்போது தோட்டா இருக்கும் இடமான சேம்பருக்கும் சொல் முடிவாகவில்லை. 'தோட்டா அறை' என்றால் உருளையின் ஆறு துளைகளையும் அப்படித்தானே சொல்ல வேண்டும்?
— இரா.