டிப்ளமேட்டிக் டிரான்ஸ்கிரிப்ஷன்: "எழுத்துமாறாப் படி" எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மூப்பர் மன்றங்கள் வழிநடத்தும் கிறிஸ்தவப் பிரிவான பிரெஸ்பிட்டேரியன் சபையின் பழைய நூல்களை இன்றைய வாசகருக்காகக் காப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். அதில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். மூலத்தில் உள்ள பிழை, அடித்தல், சுருக்கக் குறி எதையும் திருத்தாமல் அப்படியே படியெடுப்பதை டிப்ளமேட்டிக் டிரான்ஸ்கிரிப்ஷன் என்கிறார்கள். தூதரகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. டிப்ளமா என்றால் கிரேக்கத்தில் மடித்த ஏடு, அதன்வழியே ஆவணம். எனவே "தூதரகப் படி" வேண்டவே வேண்டாம்.

எடுத்துக்காட்டாக, இந்தச் சபையின் கோட்பாடுகளை வகுத்த வெஸ்ட்மின்ஸ்டர் பேரவை என்ற சமய அறிஞர் கூட்டம் லண்டனில் 1643 ஜூலையில் கூடியது. விசுவாச அறிக்கையும் 107 கேள்விகள் கொண்ட சிறிய வினாவிடையும் அங்கே உருவானவை. குறிப்பேடு எழுதியவர் அடோனிராம் பைஃபீல்ட். விவாதம் ஓட ஓட எழுதியதால் ஒரே கிறுக்கல். வாக்கியங்கள் பாதியில் நின்றுவிடும். மூப்பர் மன்றங்கள் சேர்ந்து சபைகளை ஆள்வதா, ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆள்வதா என்று அங்கே கடுமையாக வாதிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பாதி வாக்கியத்தை நாமே முடித்துவைத்தால், பேசியவர் சொல்லாததை அவர் வாயில் திணித்ததாகிவிடும். இந்தக் குறிப்பேடுகள் ஐந்து தொகுதிகளாக 2012இல்தான் முழுமையாக அச்சேறின.

அச்சு நூல்களில் வேறு சிக்கல். அக்கால ஆங்கில அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் சிறிய எஸ், கிட்டத்தட்ட எஃப் போலவே நீண்டிருக்கும். பக்கத்தின் படத்தைப் படித்து எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் பல இடங்களில் அதை எஃப் என்றே எடுத்துக்கொள்கிறது. "சின்" என்பது "ஃபின்" ஆகிறது, அதாவது பாவம் மீன் துடுப்பாகிறது. "சோல்" என்பது "ஃபவுல்" ஆகிறது, ஆன்மா அழுக்காகிவிடுகிறது! யாரும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வலையேற்றினால் இதுதான் நாளைய வாசகனுக்குக் கிடைக்கும். எனக்கு மனசு ஆறவில்லை.

"நகல்" என்றால் ஒளிநகல்தான் நினைவுக்கு வரும். "எழுத்துப்பெயர்ப்பு" வேறு பொருளில் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. "மெய்ப்படி" அச்சகத்தில் பிழைதிருத்தப் பார்க்கும் மெய்ப்போடு குழம்பும். என் பரிந்துரை: எழுத்துமாறாப் படி. பதிப்பாசிரியர் கைவைத்தால் அது பதிப்பு, வைக்காவிட்டால் படி. நம் ஏட்டுச்சுவடிக்காரர்களின் சொல்லே போதும்.

மறுமொழி 1

தம்பி, சொல் நன்றாக இருக்கிறது. ஊரில் இதையே ஈயடிச்சான் காப்பி என்போம். ஆனால் அது மாணவனைத் திட்டும் சொல், இந்த உழைப்புக்குப் பொருந்தாது. ஒரு ஐயம். அந்த நீண்ட எஸ்ஸை இன்றைய எஸ்ஸாகத் தட்டச்சு செய்கிறவர்களும் தங்கள் படியை டிப்ளமேட்டிக் என்றுதானே சொல்கிறார்கள்? அப்போது எழுத்து மாறிவிட்டதே?

மறுமொழி 2

ஐயா, நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வந்த நூலில் "லை"க்குத் தும்பிக்கை வைத்த வடிவம் இருக்கும். அதை இன்று நாம் தட்டெழுதும்போது எழுத்தை மாற்றிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. மாறியது வரிவடிவம், எழுத்து அதேதான். நீண்ட எஸ்ஸும் அப்படியே. ஆனால் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் கூடுதலாக ஒரு "ஈ" (e) இருந்தால் அதை எடுக்கக் கூடாது. எடுத்தால் எழுத்து மாறிவிடும். எல்லைக்கோட்டைச் சொல்லே காட்டிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

வரிவடிவத்தையும் விடாமல் காட்டும் படிக்கு "உருமாறாப் படி" என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். எழுத்துக்கூட்டலை இன்றைய முறைக்குக் கொண்டுவந்து பொதுவாசகருக்குக் கொடுப்பதை "இக்கால எழுத்துப் பதிப்பு" என்று எழுதியிருக்கிறேன். இது கொஞ்சம் நீளம். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றுகிறதா?