ஏஐ அடிக்கிற கோடுக்கு எந்த டெஸ்டிங் டூல் எடுக்கலாம்? ப்ளேரைட்டா, சைப்ரஸா, காசு குடுத்து வாங்குறதா?

கோவை_பேக்கெண்ட்:
வணக்கம் மக்களே. சின்ன டீம்ங்க எங்களது, கடைகளுக்கு ஜிஎஸ்டி பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம், பின்னாடி பைத்தான், முன்னாடி ரியாக்ட். இப்ப எல்லாரும் கர்சர், க்ளாட் கோடுன்னு கோடு எழுதுற ஏஐ வச்சுத்தான் அடிக்கிறாங்க, முன்னாடி ஒரு வாரத்துக்கு வர்ற புல் ரெக்வெஸ்ட் (எழுதுன கோட சேத்துக்கோங்கன்னு கேக்கறது) இப்ப ஒரே நாள்ல வந்து குவியுது, ரிவ்யூ பண்ற ஆளு மட்டும் அதே ஆளு. டெஸ்டும் ஏஐயே எழுதிடுது, கவரேஜ் (கோடுல எவ்ளோ பங்கு டெஸ்ட்ல ஓடுதுங்கற கணக்கு) பச்சையா மின்னுது, ஆனா கஸ்டமர் போன் பண்றது நின்ன பாடில்ல. ப்ரவுசர தானா ஓட்டிப் பாக்கற பழைய செலினியம் ஸ்க்ரிப்ட் ஒரு மூட்டை கெடக்கு, பாதி ஓடும் பாதி ஓடாது. மேனேஜர் எங்கயோ ஒரு டெமோ பாத்துட்டு வந்து, தானா சரி பண்ணிக்கிற ஏஐ டெஸ்டிங் டூல் வாங்கியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. எத எடுக்கலாம், அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க.

ராத்திரி_டிப்ளாய்:
யூஐக்கு, அதாவது ப்ரவுசர்ல ஸ்க்ரீன டெஸ்ட் பண்ண, ப்ளேரைட். யோசிக்காதீங்க. குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் மூணும் வரும், பல மெஷின்ல பிரிச்சு ஓட்டவும் காசு கேக்காது. சைப்ரஸ் நல்லதுதான், ஆனா ரெண்டாவது டேப் தொறந்தா தடுமாறும், உங்க பேமெண்ட் பக்கம் புது டேப்ல தொறக்குதுன்னா அங்கயே மாட்டிக்குவீங்க. இன்னொன்னு, ஃபெயில் ஆனா ட்ரேஸ் ஃபைல்ல எந்த க்ளிக்குக்கு ஸ்க்ரீன் எப்படி இருந்துச்சுன்னு ஒவ்வொண்ணா பாக்கலாம், ஏஐ எழுதுன டெஸ்ட்ட நம்பலாமா வேணாமான்னு முடிவு பண்ண அதுதான் கைகுடுக்கும். செலினியம் மூட்டைய மொத்தமா மாத்த உக்காராதீங்க, ஓடுறது ஓடட்டும், ஓடாதத தூக்கிட்டு புதுசு எழுதுங்க.

பக்_புடிக்கிறவன்:
மேல சொன்னவரு சொன்னது சரி, ஆனா கேட்டவரோட வியாதிக்கு அது மருந்து இல்ல. கவரேஜ் பச்சை, கஸ்டமர் போன் நிக்கல, இதுதான மேட்டர்? கோட எழுதுனதும் ஏஐதான், அந்தக் கோடப் பாத்தே டெஸ்ட் எழுதுனதும் ஏஐதான். கோடு தப்பா கணக்குப் போட்டா அந்தத் தப்பான தொகையே டெஸ்ட்ல எதிர்பார்ப்பா போய் உக்காந்துக்கும், இல்லன்னா டேட்டாபேஸ்லேந்து டாக்ஸ் சர்வீஸ் வரைக்கும் எல்லாத்துக்கும் பதிலா போலிய வச்சு மாக் பண்ணிட்டு மாக் கூப்பிடப்பட்டுச்சான்னு மட்டும் பாக்கும். இத ப்ளேரைட்ல எழுதுனா என்ன, பைத்தானோட பைடெஸ்ட்ல எழுதுனா என்ன. கோடப் பாக்காம வர்ற எதிர்பார்ப்பு எங்கேந்து கெடைக்கும்னு பாத்து டூல் எடுங்க.

நீங்க பைத்தான்ங்கறதால ஹைபோதெசிஸ்ங்கற டெஸ்டிங் லைப்ரரி போடுங்க. நீங்க விதிய மட்டும் சொன்னா போதும், உள்ள போடற எண்ண அதுவே தேடிக்கும். உங்க ஃபீல்டுலயே சொல்றேன்: 18 சதவீத ஐட்டம், வரிக்கு முன்னாடி 100.30 ரூபா. சிஜிஎஸ்டி (மத்திய பங்கு) 9 சதவீதம் 9.027, ரவுண்டு பண்ணா 9.03. எஸ்ஜிஎஸ்டியும் (மாநிலப் பங்கு) 9.03. கூட்டுனா 18.06. நேரா 18 சதவீதம் போட்டா 18.054, அதாவது 18.05. ஒரு பைசா எங்க போச்சு? பில்லுல ஒண்ணு, ரிப்போர்ட்ல ஒண்ணுன்னு ரெண்டு எடத்துல ரெண்டு விதமா ஏஐ எழுதி வச்சிருக்கும், தனித்தனியா பாத்தா ரெண்டும் சரியாத்தான் தெரியும். ரெண்டும் ஒண்ணா வரணும்னு ஒரு விதி எழுதி விடுங்க, ஹைபோதெசிஸ் உடைச்சிட்டு, எவ்ளோ சின்ன எண்ணுல உடையும்னு சுருக்கியும் காட்டும். பைசாவ முழு எண்ணா குடுத்தீங்கன்னா மூணு பைசால வந்து நிக்கும்: நேரா போட்டா வரி ஒரு பைசா, பிரிச்சுப் போட்டா பூஜ்யம்.

மீனா_க்யூஏ:
நான் மேனுவல் டெஸ்டரா இருந்து இப்ப ஆட்டோமேஷன் பாக்குறேன். டூல் வாங்கறதுக்கு முன்னாடி உங்க டெஸ்டருங்களயும் சப்போர்ட்ல போன் எடுக்குறவங்களயும் உக்கார வச்சு கேளுங்க, எதிர்பார்ப்பு இருக்கறது அவங்க தலைல. 2025 செப்டம்பர் 22ல ரேட் மாறுச்சே, நெய், வெண்ணெயெல்லாம் 12லேந்து 5க்கு வந்துச்சு, 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவி 28லேந்து 18க்கு. ஆகஸ்ட்ல 12 போட்டு வித்த நெய்ய அக்டோபர்ல திருப்பிக் குடுத்தா கிரெடிட் நோட் பழைய 12லதான் போகணும். ஏஐ எழுதுற டெஸ்ட்ல இந்த கேஸ் தானா வந்து நான் பாத்ததில்ல, பல நேரம் 12, 28 ஸ்லாபே இன்னும் நடப்புல இருக்கற மாதிரிதான் எழுதுது. தேதிய ஃப்ரீஸ் பண்ணி இந்த மாதிரி கேஸ ஒரு டேபிளா மனுஷங்களே எழுதி வைங்க, அந்த ஃபோல்டர்ல ஏஐ ஏஜென்ட் கை வச்சா ஒரு ஆளு அப்ரூவ் பண்ணாம மெர்ஜ் ஆகக்கூடாதுன்னு கோட்ஓனர்ஸ்ல பூட்டு போடுங்க. ஃபெயில் ஆகுற டெஸ்ட்ட ஸ்கிப் போட்டு பச்சையாக்குறது அதுக்கு கை வந்த கலை.

ராத்திரி_டிப்ளாய்:
ஸ்கிப் எத்தனைன்னு சிஐல (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்ட்ட தானா ஓட்டற சிஸ்டம்) எண்ணிட்டே இருங்க, முந்தின பில்டவிட கூடுனா ரெட். ப்ளேரைட்ல வந்திருக்க, உடைஞ்ச டெஸ்ட்ட தானா சரி பண்ற ஹீலர் ஏஜென்ட்டும் ஆப்லயே கோளாறுன்னு நெனச்சா டெஸ்ட்ட ஸ்கிப்னு குறிச்சுதான் வைக்கும். அது நேர்மைதான், ஆனா யாராவது பாக்கணும்ல.

கோவை_பேக்கெண்ட்:
மீனாக்கா சொன்ன நெய் கேஸ் எங்க டெஸ்ட்ல இல்ல, இப்பதான் தேடிப் பாத்தேன் 😅 சரி, மேனேஜருக்கு என்ன பதில் சொல்றது? அந்த டூல் பட்டன் பேரு மாறுனாலும் தானா கண்டுபுடிச்சு பாஸ் ஆகுது, அதுலதான் அவரு விழுந்துட்டாரு.

பக்_புடிக்கிறவன்:
அடுத்த டெமோ அவங்க ஆப்ல வேணாம், உங்க ஆப்லயே காட்டச் சொல்லுங்க. நடுவுல நீங்க ஒரு ப்ராஞ்ச்ல எஸ்ஜிஎஸ்டி வரியையே பில்லுலேந்து தூக்கிடுங்க, சேமி பட்டன் எடத்துல ரத்து பட்டன வைங்க. டூல் ரெட் காட்டுதான்னு பாருங்க. அப்பவும் சரி பண்ணிட்டேன், பாஸ்னு சொல்லுச்சுன்னா நன்றி சொல்லி அனுப்பி வச்சுடுங்க. எத சரி பண்ணுச்சுன்னு டிஃப் காட்டுதா, டெஸ்ட் ஃபைல் உங்க கோடு இருக்கற கிட் ரெப்போலயே இருக்கா, நாளைக்கு சந்தாவ நிறுத்துனா டெஸ்ட் கைக்கு வருமா, இதயும் கேளுங்க. பட்டனோட க்ளாஸ் பேரு மாறுற தொல்லைக்கு பாதி மருந்து இலவசமாவே இருக்கு, சிஎஸ்எஸ் க்ளாஸ் வச்சுத் தேடாம பட்டனா, லிங்க்கான்னு ரோல் வச்சுத் தேடற லொக்கேட்டர் போடச் சொல்லி ஏஜென்ட்டோட ரூல்ஸ் ஃபைல்லயே எழுதிடுங்க.

இதே வேலைய கோடுல தானா பண்றது ம்யூடேஷன் டெஸ்டிங். பைத்தானுக்கு மட்மட்னு (mutmut) இருக்கு, ரியாக்ட் பக்கத்துக்கு ஸ்ட்ரைக்கர். கோடுல வேணும்னே ஒரு எடத்த கெடுத்துட்டு எந்த டெஸ்டாவது கத்துதான்னு பாக்கும். ஈ-வே பில் (சரக்கு அனுப்ப எடுக்கற சீட்டு) எடுத்துக்கோங்க, 50,000 ரூபாய்க்கு *மேல* போனாத்தான் வேணும். அந்த 'மேல'ய 'அல்லது சமம்'னு மாத்தி விடும், ஒரு டெஸ்டும் கத்தலன்னா சரியா 50,000 ரூபா பில்ல உங்க டீம்ல யாரும் டெஸ்ட் பண்ணலன்னு அர்த்தம், கவரேஜ் 95 இருந்தாலும் சரி.

மீனா_க்யூஏ:
தமிழ்நாட்டுக்குள்ளயே போற சரக்குக்கு லிமிட் 1 லட்சம், அதயும் சேத்துக்கோங்க. ம்யூடேஷன் இத சொல்லாது, கோடுல 1 லட்சம்ங்கற வார்த்தையே இல்லன்னா எத கெடுக்கும்? டேபிள்ல நாமதான் எழுதணும்.

கோவை_பேக்கெண்ட்:
செமங்க. ம்யூடேஷன் ரொம்ப நேரம் எடுக்கும்னு கேள்விப்பட்டேன், எங்க சிஐயே ஏற்கனவே நொண்டுது?

பக்_புடிக்கிறவன்:
மொத்த ரெப்போவுக்கும் போட்டா விடிஞ்சாலும் முடியாது. வரி கணக்கு, ரவுண்டிங், கிரெடிட் நோட் மாட்யூல் மட்டும், அதுவும் ராத்திரில. புல் ரெக்வெஸ்ட்ல பைடெஸ்ட்டும் ஹைபோதெசிஸும் போதும், ப்ளேரைட்ல பில் போடறது, பணம் வாங்கறது, ரிட்டர்ன் மட்டும் வச்சுக்கோங்க. ஸ்ட்ரைக்கர்ல இன்க்ரிமென்டல் மோட் இருக்கு, மாறுன எடத்த மட்டும் திரும்ப ஓட்டும், அத ஆன் பண்ணிட்டு ஆரம்பிங்க.