அம்மா இந்தக் கணத்தில் மனம் ஊன்றி இருக்கப் பழக வழி சொல்லுங்கள்

மதுரை உறவுகளுக்கு வணக்கம். அப்பா போன பிறகு அம்மாவின் மனது பழைய நாட்களிலேயே நிற்கிறது. இல்லாவிட்டால் நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம். பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் பாதி காதில் விழுவதில்லை. மூச்சைக் கவனிக்கச் சொன்னோம். கண்ணை மூடினாலே அழுகை வந்துவிடுகிறது, பாவம். கண்ணைத் திறந்தபடி, வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒவ்வொரு அடியையும் கவனித்து நடப்பது போன்ற பயிற்சியை யாராவது செய்திருக்கிறீர்களா? எப்படித் தொடங்கினீர்கள்?

அப்புறம், 1896-ல் 16 வயது ரமண மகரிஷிக்கு மரண பயம் வந்து விலகிய வீடு, சொக்கப்ப நாயக்கன் தெருவில் ரமண மந்திரம் என்ற நினைவு இல்லமாக இருக்கிறதே. அங்கே முழங்கால் வலிக்காரர்கள் நாற்காலியில் அமரலாமா? பொறுமையாகக் கற்றுத்தரும் பெண் ஆசிரியர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.